மயிலின் கண் எந்தக் கட்டத்தில்?



இந்த இதழைப் புரட்டியதுமே ஒரு மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். சமையல், மருத்துவம், விவசாயம், சேமிப்பு, கடிதங்கள் என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பை ஒட்டியும் ஒரு சின்னப் படம் போடுவோமே, அவை எல்லாமே இந்த முறை புதியவை. படம் மாறியதற்கு ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எழுத வேண்டும் என்றே தோன்றுகிறது. இதற்குக் காரணம் ஓர் அஞ்சலட்டையும், காஞ்சிபுரத்தில் கழிந்த ஒரு பகல்பொழுதும்.

அஞ்சலட்டை, செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. நாலே வரி. கடிதங்கள் பகுதிக்கு மேலே நீங்கள் போடுகிற பெட்டி என்ன பெட்டி? கம்பத்தின் மேல் படுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கொடியும் வைத்திருக்கிறதே, அப்படி ஒன்றை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று கேட்டிருந்தார். அது அமெரிக்க வீடுகளின் வாசலில் நிற்கும் தபால்பெட்டி. எடுத்துப்போகக் கடிதம் இருந்தால் வீட்டுக்காரர் அந்தக் கொடியைத் தூக்கி வைப்பார். நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நமக்குத் தெரிந்தது சிவப்பு உருளையும் அதன் வாயும்தான்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் படங்களையும் பார்த்தோம். சமையலுக்கு முள்கரண்டியும் கத்தியும். வீட்டுக் குறிப்புகளுக்குப் புகைபோக்கி வைத்த வீடு. சேமிப்புக்கு முதுகில் காசு போடும் பன்றிக்குட்டி. எல்லாமே கணினியில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும் ஐகான் தொகுப்புகளிலிருந்து அவசரத்துக்கு எடுத்தவை. அவற்றை வரைந்தவர்கள் நன்றாகவே வரைந்திருந்தார்கள். எடுத்த நாங்கள்தான் யோசிக்காமல் எடுத்திருந்தோம். அதிலும் ஒன்று மெல்லிய கோட்டில் இருந்தது, ஒன்று கறுப்பாக அடைத்திருந்தது, ஒன்றுக்கு நிழல் வேறு. நாலு பேர் ஆளுக்கொரு வரி எழுதிய கடிதம் போல இருந்தது எங்கள் பத்திரிகை.

இது மனதில் உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். காந்தி ரோட்டில் ஒரு கடை. விரித்த பாயில் புடவைகள் குவிந்துகொண்டே இருந்தன. பெண்கள் நிறம் பார்த்தார்கள், விலை பார்த்தார்கள். நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புடவையின் கரையில் மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம், நடுவில் நெளிந்து ஓடும் வங்கிக் கோடு. ஐந்தும் ஐந்து வேறு உருவங்கள். ஆனால் ஒரே கை வரைந்தவை என்று பார்த்த கணத்தில் தெரிந்தது. ஒரே உயரம், ஒரே தடிமன், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. எங்கள் பத்திரிகைக்கு வேண்டியிருந்தது இதுதான். கடைக்காரரிடம் இதை யார் வரைவார்கள் என்று கேட்டேன். பிள்ளையார்பாளையத்துக்கு வழி சொன்னார்.

பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னத் திண்ணை அறையில், ஐம்பது வருடமாகப் புடவைக்கு டிசைன் போடுகிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் கட்டம் போட்ட கிராப் தாள். கையில் பென்சில். ஒரு மயில் பாதி முடிந்திருந்தது.

"உக்காருங்கம்மா. இந்தக் கண்ண வெச்சுட்டு வந்துடறேன்" என்றார். அந்தக் கண் ஒரே ஒரு கட்டம். ஒரு கட்டத்தை வெள்ளையாக விட்டால் கண். ஆனால் எந்தக் கட்டம் என்று முடிவுசெய்ய அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், ரப்பரால் அழித்துவிட்டு ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளி வைத்தார். "முன்னாடி போச்சுன்னா மயிலு முறைக்கும்மா. இங்க வெச்சா சாந்தமாயிடும்."

நான் அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

அந்தத் தாளில் ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கிராப் நோட்டில் வரைந்தால் தறியில் மயில் சரியாக வராது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் நெருக்கம் ஒன்று, குறுக்கே போகும் ஊடையின் நெருக்கம் ஒன்று. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சதுரக் கட்டத்தில் போட்ட மயில் புடவையில் இழுத்துவிட்டதுபோல் நீண்டோ, உட்கார்ந்துவிட்டதுபோல் குறுகியோ போகும். அதனால் அந்தப் புடவையின் நெருக்கத்துக்கு ஏற்ற கட்டம் போட்ட தாள் வேண்டும். தாளில் கொஞ்சம் கோணலாகத் தெரிகிற மயில்தான் பட்டில் நேராக நிற்கும். எங்கே போய் உட்காரப்போகிறதோ அந்த இடத்தை மனதில் வைத்து வரைவது என்பது இதுதான். எங்கள் பக்க வடிவமைப்பாளரிடம் இதைச் சொன்னபோது, கணினித் திரையில் அழகாக இருக்கும் மெல்லிய கோடு நம் தாளில் அச்சானதும் காணாமல்போவதைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். அவருடைய வருத்தமும் அந்தப் பெரியவருடைய தொழிலும் ஒன்றே.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். மாங்காய் புட்டாவின் வயிறு முழுவதையும் தங்கமாக நிரப்பிவிட முடியாது. ஜரிகை பாவுக்கு மேலே நீளமாக மிதந்தால், கட்டுகிறவரின் மோதிரத்திலும் வளையலிலும் மாட்டி இழுபடும். அதனால் நடுநடுவே நூலால் ஒரு புள்ளி வைத்து ஜரிகையைப் பிடித்துக் கட்ட வேண்டும். மாங்காய்க்குள் நாம் ரசிக்கிற பொடிப் புள்ளிகளில் பல அப்படி வந்தவை. அலங்காரம் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தது ஒரு கட்டுமானம். கோர்வைக் கரையும் அப்படித்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும், நெய்கிறவருக்கு உதவியாக இன்னொரு ஆள் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இடம் பல் பல்லாகத் தெரியும். அந்தப் பல் உயர்ந்து நின்றால் கோபுரம்.

ஜக்கார்டு கருவி வருவதற்கு முன்பு காஞ்சியில் அடை முறையில் உருவம் எடுத்தார்கள். எந்த வரிசைக்கு எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்பதை மேலே கட்டிய நூல்களில் முன்கூட்டியே கட்டிவைத்து, ஒருவர் இழுத்துத் தர, ஒருவர் நெய்வார். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் செய்த கருவி அந்த வேலையைத் துளையிட்ட அட்டையிடம் கொடுத்தது. கிராப்பில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. பின்னால் வந்த கணினிகளுக்கும் துளையிட்ட அட்டையில்தான் நெடுங்காலம் கணக்குச் சொன்னார்கள். ஆகவே கணினியின் ஐகானுக்கும் காஞ்சி மயிலுக்கும் உறவு என்று சொன்னால் மிகையாக நினைக்காதீர்கள்.

இன்றைக்குக் கணினியிலும் போனிலும் நாம் தொடும் சின்னப் படங்களின் வரலாற்றில் சூசன் கேர் என்ற பெண்மணிக்கு முக்கியமான இடம் உண்டு. 1984-ல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்காக அவர் வரைந்தார். கையில் இருந்தது கிராப் நோட்டு. அகலத்துக்கு 32 கட்டம், உயரத்துக்கு 32 கட்டம், மொத்தம் 1,024. ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கலாம், அல்லது விட்டுவிடலாம். அதற்குள் குப்பைத்தொட்டியும், கைக்கடிகாரமும், சிரிக்கும் கணினியும் வந்தன. துணியில் ஊசியால் கட்டம் கட்டமாகத் தைக்கும் வேலையும், கல் பதிக்கும் வேலையும் முன்பே செய்து பழகியிருந்தது இதற்குக் கைகொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் தேர்ந்தெடுத்த படங்களில் ஒன்று, நாலு மூலையிலும் வளையம் போட்ட சதுரம். ஸ்வீடனில் பார்க்க வேண்டிய பழைய இடங்களைக் காட்டும் பலகைக் குறியிலிருந்து வந்தது அது. மார்கழி வாசலில் சிக்குக் கோலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று நம் வீட்டுக் கோலமாகத் தெரியும். 1999-ல் ஜப்பானின் ஷிகெடகா குரிடா போனுக்காகச் செய்த 176 இமோஜிகளுக்கு இதைவிடச் சின்ன வீடு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 கட்டம். பிள்ளையார்பாளையத்துப் பெரியவரை அங்கே உட்காரவைத்திருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருப்பார்.

காஞ்சிபுரத்தில் அன்று பிற்பகல் கைலாசநாதர் கோயிலுக்கும் போனேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில். உள்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிம்மங்கள் தூணைத் தாங்குகின்றன. கல்லில் அந்தப் பிடரி சுருள் சுருளாக வளைகிறது. காலையில் பட்டில் பார்த்த யாளிக்கு வளைவே கிடையாது. படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். அப்படியும் அது யாளிதான், பார்த்த குழந்தை சொல்லிவிடும். எதை விட்டாலும் யாளி யாளியாகவே இருக்கும், எதை விட்டால் அது நாயாகிவிடும் என்று தெரிந்தவர் கையில்தான் இது நடக்கும். விட்டது எவ்வளவு, விடாதது எது என்ற அந்தத் தீர்ப்பை எந்தத் தொகுப்பிலும் விலைக்கு வாங்க முடியாது.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பெரியவர் பழைய தாள்களைப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். போடும்போதே பெயர் சொன்னார். மயில்கண். குயில்கண். மல்லிமொக்கு. தாழம்பூ ரேக்கு. வைரஊசி. முத்துக்கட்டம். புளியங்கொட்டை. பாலும் பழமும். இருதலைப்பட்சி. கர்நாடக அரசின் முத்திரையில் கண்டபேரண்டம் என்ற பெயரில் நிற்கிறதே, அந்த இரட்டைத் தலைப் பறவைதான் இருதலைப்பட்சி. புளியங்கொட்டை வெறும் கட்டம்தான், ஆனால் பெயரைக் கேட்டதும் அம்மா ஆய்ந்துபோட்ட புளிக்கொட்டையைத் தேய்த்து விளையாடிய தாழ்வாரம் ஞாபகம் வருகிறது. மயிலை முழுதாகப் போட இடமில்லாத ஒல்லிக் கரைக்குத் தோகையின் கண்ணை மட்டும் எடுத்து மயில்கண் என்றார்கள். குயிலுக்கு அதன் சிவந்த கண்ணே அடையாளம். இப்படி ஒரு பகுதியைக் காட்டி முழுதையும் நினைக்கவைப்பதற்கு வடிவமைப்புக் கல்லூரிகளில் தனிப் பாடமே எடுக்கிறார்கள். நம் தறிக்காரர்கள் அதற்குப் பெயரும் வைத்து, அந்தப் பெயரைப் புடவை வாங்க வந்த பெண்களின் வாயிலும் போட்டுவிட்டார்கள்.

பெயர் இருந்ததால்தான் இவை நிலைத்தன. தாள் கரையான் அரித்துப் போகலாம், அட்டை மட்கலாம். "எங்கம்மாவுக்கு எடுத்த மாதிரி தாழம்பூ ரேக்கு வேணும்" என்று ஒருத்தி வந்து நின்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உருவத்தைத் திரும்ப எழுப்பிவிடலாம். ருக்மிணி தேவி அருண்டேல் 1937-ல் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் தொடங்கிப் பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டெடுத்தபோது, வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழம்புடவைகளும் நெசவாளரின் நினைவும்தான் அவருக்குக் கையிருப்பு. இன்றைக்குக் கடையில் "இந்த டெம்பிள் பார்டர்ல காட்டுங்க" என்கிறோம். கடைக்காரரும் அப்படியே சொல்கிறார். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று நினைத்திருந்தேன். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர் எடுத்துப் போட்டதில் ஏழெட்டுத் தாள்களுக்கு அவருக்கே பெயர் ஞாபகம் வரவில்லை. "எங்கப்பா என்னமோ சொல்லுவாரும்மா" என்று அந்தத் தாள்களை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டின் பெயரை அது காக்கும். மல்லிமொக்குக்கும் குயில்கண்ணுக்கும் அப்படிக் காவல் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து நைலான் துணியில் அச்சடிக்கலாம், கைப்பையில் போடலாம், ஆப்பில் ஐகானாக வைக்கலாம். எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன், உருவங்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் போகும். எடுக்கிறவர்கள் பெயரோடு எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

சின்னப் படத்தை அலட்சியமாக நினைக்கக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். கோடிக்கணக்கானவர்கள் படத்தைப் பார்த்தே நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் தேர்தல் ஆணையத்துக்காகப் பல சின்னங்களைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ்.சேத்தி. மேசை, விசிறி, சைக்கிள், ஏர் உழவன் என்று வீட்டிலும் வயலிலும் புழங்கும் பொருள்கள். அவற்றை யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. எங்கள் கொடி வைத்த தபால்பெட்டிக்கு இல்லாமல்போனது அதுதான்.

போனில் இருக்கும் இமோஜிகளில் புடவையும், அகல்விளக்கும், ஆட்டோவும், இந்துக் கோயிலும் 2019-ல்தான் சேர்ந்தன. சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கோயிலைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் அது வடநாட்டுச் சிகரம். ஏகாம்பரநாதர் கோயிலில் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தின் நிழலில் பூ விற்கிறவர் அந்தப் படத்தை அனுப்பினால், அவர் கோயில் அதில் இல்லை.

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பள்ளி ஆண்டுவிழா அழைப்பு என்று இப்போது வீட்டுக்கு ஒருவர் போனிலேயே வடிவமைக்கிறார். அவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. எடுக்கும் படங்களை ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். கோட்டுப் படம் என்றால் எல்லாமே கோட்டுப் படம், அடைத்த படம் என்றால் எல்லாமே அடைத்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. ஒரு விஷயம் முக்கியம் என்பதற்காக அதன் படத்தை மட்டும் ஊதிப் பெரிதாக்காதீர்கள். 1920-களின் பிற்பகுதியில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத்தும் ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸும் படத்தால் புள்ளிவிவரம் சொல்லத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட விதி இது: ஆள் அதிகம் என்றால் ஆள் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தை இன்னும் நாலு தடவை போடு. ஆயிரம் புட்டாப் புடவையில் நெசவாளர் செய்வதும் அதையே. ஒரு புட்டாவும் இன்னொன்றைவிடப் பெரிதில்லை, நடுவில் விட்ட வெற்றுப் பட்டுதான் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள்.

சாமி படம் போடும்போது இன்னும் ஒரு தடவை யோசியுங்கள். பிள்ளையார் அச்சிட்ட பத்திரிகைகள் கல்யாணம் முடிந்ததும் எறியவும் மனமில்லாமல், வைக்கவும் இடமில்லாமல் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன! உள்தாளில் மேலே ஒரு பிள்ளையார் சுழி போதும். உறைக்கு மாவிலையும் குத்துவிளக்கும் வாழைமரமும் நாதஸ்வரமும் இருக்கின்றன. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் சின்ன ஊர் அச்சகங்களின் டிராயர்களில் பிளாக்குகளாகக் கிடந்தவை இவை, நம்முடைய சொந்த ஐகான் தொகுப்பு.

இனி எங்கள் புதிய படங்கள். எல்லாவற்றையும் பக்கத்துக்கு 24 கட்டம் கொண்ட ஒரே கிராப்பில், ஒரே தடிமனில் எங்கள் வடிவமைப்பாளர் வரைந்திருக்கிறார். கடிதங்களுக்குச் சிவப்புத் தபால்பெட்டி. சேமிப்புக்கு மண் உண்டியல். விவசாயத்துக்குத் தலை சாய்ந்த நெற்கதிர். சிறுவர் பகுதிக்குப் பம்பரம். மருத்துவத்துக்கு நாட்டு மருந்து இடிக்கும் சிற்றுரல். சமையலுக்கு முதலில் அம்மியும் குழவியும் போட்டோம், சுருக்கியதும் படகு போலத் தெரிந்தது. ஆகவே இட்லிக் கொப்பரை வந்திருக்கிறது. கொப்பரையின் ஆவியை எத்தனை கோட்டில் காட்டுவது என்று அலுவலகத்தில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்று கோடு என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் காஞ்சிக்குப் போகும்போது பெரியவரிடம் காட்டப்போகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ ஒரு பட்டுப்புடவை மடித்து வைத்திருப்பீர்கள். அதை எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே இற்றுவிடும். அப்படி எடுக்கும்போது கரையையும் முந்தியையும் ஒரு படம் எடுங்கள். அதில் இருக்கும் உருவத்துக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, பெயரையும் ஊரையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஒரே உருவத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் வெளியிடுவோம். பெயர் தெரியாத அந்த ஏழெட்டுத் தாள்களின் படங்களையும் அவர் அனுமதியோடு அடுத்த இதழில் அச்சிடுகிறோம். உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்